முதல் நாள் டிஎல்சி எல்லாமே வெட்டி எடுத்ததா?

"கேம் வெளியாகும் அன்றே தனிக் காசுக்கு வரும் டிஎல்சி எல்லாமே முடிந்த கேமிலிருந்து வெட்டி எடுத்ததுதான்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (டிஎல்சி என்பது கேமுக்கு மேல் தனியாக டவுன்லோடு செய்யும் கூடுதல் பகுதி.) அந்த "எல்லாமே" தப்பு.

வேலை முடிந்த மறுநாளே கேம் கடைக்கு வந்துவிடாது. பிழை திருத்தம், சோனி, மைக்ரோசாஃப்ட் போன்ற கன்சோல் நிறுவனங்களின் சான்றிதழ் சோதனை, டிஸ்க் அச்சடிப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை ஓவியர்களும் லெவல் வடிவமைப்பாளர்களும் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க முடியாது, டிஎல்சி வேலைக்குப் போய்விடுவார்கள். 2012-இல் மாஸ் எஃபெக்ட் 3 கேமின் 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற முதல் நாள் டிஎல்சி பற்றி, அதைத் தயாரித்த பயோவேர் சொன்னதும் இதுதான். அதன் சில கோப்புகள் டிஸ்க்கிலேயே இருந்தது உண்மை, ஆனால் மீதியைத் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டியிருந்தது.

சரி, கோபத்துக்குக் காரணமே இல்லையா? இருக்கிறது. அதே ஆண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன் கேமின் டிஸ்க்கில், பிறகு டிஎல்சியாக விற்பதற்கான 12 கதாபாத்திரங்களைப் பூட்டி வைத்திருந்ததை அதைத் தயாரித்த கேப்காமே ஒப்புக்கொண்டது (சொன்ன சமாதானம் எனக்கு ஒட்டவில்லை).

அதனால் கேம் கேமாகப் பாருங்கள். டிஎல்சி டவுன்லோடு அளவு மிகச் சிறியதாக இருந்தால், டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதைத் திறக்கும் சாவி மட்டும்தானோ என்று சந்தேகப்படலாம். டிஎல்சியின் கோப்புகள் முன்பே அப்டேட்டோடு இறங்கியிருக்கவும் கூடும் என்பதால் அது மட்டுமே சாட்சி ஆகாது. தயாரிப்பாளர்களின் அறிக்கையையும் படியுங்கள். அந்த ஃபார்வர்டை மட்டும் இனி அனுப்பாதீர்கள்.