ஒரு போட்டோதானே என்று கேட்பவர்களுக்கு

வெளிநாட்டில் ஒரு படகுத்துறையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் என் பெண்ணைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளப் பார்த்த விஷயத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன பதிவிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கமெண்டுகளை உட்கார்ந்து படித்தேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஒரு போட்டோதானே, என்ன குறைந்துவிடப் போகிறது?" இதையேதான் நிறையப் பேர் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். சிலர் அன்பாக, சிலர் அறிவுரையாக, சிலர் வழக்கம்போல.

பதிவைப் படிக்காமலேயே கமெண்ட் போட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். என் பெண் வேண்டாம் என்றாள். அவளுக்கு ஐந்து வயது. அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, சரி. அவள் தலையை ஆட்டினாள், என் காலுக்குப் பின்னால் போய் நின்றாள், என் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இது புரிய எந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்? அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார், கையைப் பிடித்து இழுத்தார், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கூட வந்தவர் போனை நீட்டினார். நான் கேமராவின் மேல் உள்ளங்கையை வைத்தேன். நடந்தது இவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. கையை வைத்தேன். அதற்குத்தான் எனக்குத் "திமிர் பிடித்தவள்" பட்டம்.

ஊரின் பெயரை இந்த முறையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அவர்கள் அப்படியில்லை. அந்த ஆள் அப்படி. அன்றைக்குப் படகுக்குக் காத்திருந்த மற்றவர்கள் யாரும் அவளைத் தொடவில்லை என்பதையும் போன பதிவில் எழுதியிருந்தேன். அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"அவர் அன்பாகத்தானே தூக்கினார்?" இருக்கலாம். கெட்ட எண்ணத்தோடு தூக்கினார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அன்பாகவே இருக்கட்டும். வேண்டாம் என்று ஒளிந்துகொண்ட குழந்தையை இழுத்துத் தூக்க அன்பு அனுமதிச் சீட்டா? உங்களில் யாரையாவது முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் அன்பாகத் தூக்கி, அன்பாகப் படம் எடுத்து, அன்பாக இணையத்தில் போட்டால் என்ன செய்வீர்கள்? பெரியவர்களுக்குக் கூடாதது குழந்தைக்கு மட்டும் எப்படிச் சரியாகிறது? குழந்தை சின்னது, தூக்க முடியும், அதனால் தூக்கினார். இதற்கு மேல் அதில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் மிகவும் பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஊர் ஊராகப் போகிறவர்கள் உள்ளூர் மக்களை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பிள்ளைகளோடு மாதக்கணக்கில் நாடு நாடாகப் போய் வாழ்கிறவளுக்கு இது தெரியாது என்று நினைத்துவிட்டார். ஐயா, உள்ளூர் மக்கள் இல்லை என்றால் நாங்கள் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

சின்னவனுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறியது. கையில் இருந்த சிரப் தீர்ந்துவிட்டிருந்தது. காய்ச்சல் மருந்து வாங்குவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பாராசிட்டமால் சிரப் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அடர்த்தியில் வருகிறது. ஒரு இடத்தில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், இன்னொரு இடத்தில் 160, வேறொன்றில் 250. நிறம், வாசனை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பழைய பாட்டில் பழக்கத்தில் ஊற்றினால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடலாம். அந்த மருந்துக்கடைக்காரருக்கும் எனக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது. அவர் எடை பார்க்கும் மிஷினைத் தரையில் இழுத்து வைத்தார். இவன் அதில் ஏற மாட்டேன் என்று அழுதான். உடனே என்னைச் சுட்டி, அவனைச் சுட்டி, இரண்டு விரலைக் காட்டினார். அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். பிறகு அவனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றேன். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, அட்டைப்பெட்டியின் பின்பக்கம் கிலோவை எழுதினார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பெருக்கி, எத்தனை மில்லி என்று எழுதி, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது என்பதற்கு ஐந்தாவது விரலை மடக்கிக் காட்டினார்.

எனக்கு இன்னும் மறக்காமல் இருப்பது அதற்கு முன்னால் நடந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவர் பாதியிலேயே நிறுத்தினார். உள்ளங்கையை மேலே திருப்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அப்போதும் உடனே தொடவில்லை. சின்னவன் முகத்துக்கு நேராகக் குனிந்து தன் நெற்றியையே ஒரு முறை தொட்டுக் காட்டினார். அவன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் விரல்களின் பின்பக்கத்தால் தொட்டார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, அர்த்தராத்திரி, தொட வேண்டிய அவசியம் இருந்தவர், அவர் கேட்டார். படகுத்துறையில் என்ன அவசரம்?

"உள்ளூர் மக்கள்" என்று நீங்கள் சொல்லும்போது என் கண்ணில் வருவது இந்த ஆள்தான். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்து அம்மாவும்தான். என் பெண் யாரிடமும் போகாமல் இருந்த நாட்களில் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து தன் சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ இவளே போய் எடுத்தாள். அவ்வளவு நேரம் ஒரு குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் மூன்று நொடிகூடக் கொடுக்காதவர் மேல் கோபம் வருகிறது.

இது உங்களுக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே வீட்டில் வளரும் குழந்தைக்கு யாராவது கன்னத்தைக் கிள்ளினால், அது ஓடிப் போய் ஒளிய அதற்கென்று ஒரு கதவு இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு வீடு மாறுகிறது, படுக்கை மாறுகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மாறுகிறது, பக்கத்தில் பேசுகிறவர்களின் மொழி மாறுகிறது. மாறாமல் இருப்பது நாங்கள் இரண்டு பேரும், அவர்களுடைய உடம்பும்தான். அந்த உடம்பும் கேட்பவர் கைக்கெல்லாம் போகும் என்றால் அவளுக்கென்று மிச்சம் என்ன?

ஒவ்வொரு காலையும் வெளியே கிளம்புமுன் இரண்டு பேர் மணிக்கட்டிலும் பேனாவால் எங்கள் போன் நம்பரை எழுதுகிறேன். கூட்டத்தில் தொலைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நகராமல் நில், கையைக் காட்டு, யாராவது இழுத்தால் கத்து. ஐந்து வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே நாள் மத்தியானம் யாரோ இழுக்கும்போது "பரவாயில்லை கண்ணு, ஒரு போட்டோதான், சிரி" என்று நானே சொன்னால் அவள் எதை நம்புவாள்? பதில் சொல்லுங்கள். "ஒரு போட்டோதானே" என்று எழுதியவர்கள் ஒருவரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டீர்கள்.

"நீயே பிள்ளைகள் படத்தைப் போடுகிறாய், நீ பேசலாமா?" எதிர்பார்த்தேன். என் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். முதுகு இருக்கும், பாதம் இருக்கும், தொப்பி இருக்கும். அதையும் பெரியவளிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். ஃப்ரான்ஸில் 2024இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் படத்தைக் காப்பது பெற்றோர் இருவரின் பொறுப்பு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பெற்றவர்களுக்கே இவ்வளவு இருக்கும்போது படகுத்துறையில் பார்த்தவருக்கு என்ன உரிமை? ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இலிருந்து இருக்கிறது. 12ஆவது பிரிவு குழந்தையின் கருத்துக்குச் செவி கொடுக்கச் சொல்கிறது, 16ஆவது பிரிவு அதன் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுகிறது. இதற்கும் "சட்டம் பேசுகிறாள்" என்று வருவீர்கள். பேசாமல் இருந்தால் "உணர்ச்சிவசப்படுகிறாள்" என்பீர்கள். எது வசதியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"இப்படி வளர்த்தால் யாரோடும் ஒட்ட மாட்டாள்." என் பெண் சாவிக்கொத்து அம்மாவின் மடியில் தூங்கியிருக்கிறாள். அடுத்தது.

"பிடிக்கவில்லை என்றால் ஏன் சுற்றுகிறீர்கள், வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே?" இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ஆள் செய்த தப்புக்கு நாங்கள் நான்கு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். அருமை.

அப்புறம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது என்ற கேள்வி. போட்டோவைப் பற்றி எழுதினால் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. எப்போதும் வரும். பின்லாந்தில் கட்டாயக் கல்வி ஏழு வயதில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரை. ஜெர்மனியில் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதையே ஏற்க மாட்டார்கள். இங்கிலாந்துச் சட்டம் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி தந்தால் போதும் என்கிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தூக்கம் வராமல் படித்ததால் தெரியும். பெரியவளுக்கு ஆறு வரப்போகிறது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் நினைவுபடுத்த வேண்டியதில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். முடிவானதும் முதலில் உங்களிடம் வந்து ஒப்புதல் வாங்குகிறேன், போதுமா?

எங்களைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர்களாக இருந்தால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சேர்ந்திருக்கும் நாடுகளுக்கு ஷெங்கன் விதி என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எந்த 180 நாளிலும் அங்கே மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு அது காலண்டரில் போடும் ஒரு வட்டம். சின்னவனுக்கு அங்கே பக்கத்து வீட்டில் ஒரு பையன் கிடைத்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. கைப்பிடி உடைந்த ஒரு வாளியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மண்ணைத் தோண்டுவார்கள், தோண்டியதை மூடுவார்கள், மறுபடி தோண்டுவார்கள். 90 முடிந்தது, கிளம்பினோம். முதல் சில வாரம் எந்த ஊரில் கண் விழித்தாலும் அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கதவுப் பக்கம் போவான். இப்போது கேட்பதில்லை. கேட்பதை நிறுத்தியதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்த வாழ்க்கையின் கஷ்டம் எது என்று எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்ததா? வரவில்லை. "ஒரு போட்டோவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்பதுதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது. போன மாதம் என் கணவர் இரண்டு பிள்ளைகளையும் தோளிலும் முதுகிலுமாகத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துப் படிக்கட்டில் ஏறும் படம் போட்டிருந்தேன். "என்ன அப்பா!", "பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்", "உலகத்தைக் காட்டுகிறார்". அதே பிள்ளைகள், அதே படிக்கட்டு, கீழே நான்கு பைகளோடு நான் நின்றேன். அந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தது நான். தடுப்பூசி அட்டையைத் தேதி பார்த்துப் பார்த்து எங்கே எதைப் போடுவது என்று விசாரித்து அலைந்தது நான். இப்போது அதே உலகத்தைக் காட்டியதற்கு நான் "பிள்ளைகளைத் தெருத்தெருவாக இழுத்தடிக்கிறவள்". அவர் உலகத்தைக் காட்டுகிறார், நான் இழுத்தடிக்கிறேன். படகுத்துறையில் அவரும்தான் பக்கத்தில் நின்றார். அந்த ஆளை நகரச் சொன்னதும் அவர்தான். அவரை யாரும் திமிர் என்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது "பாவம், மனுஷன் நடுவில் மாட்டிக்கொண்டார்". இதை நேற்று வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு சின்னச் சண்டையும் போட்டோம், பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்று கிசுகிசுப்பாக.

ஆதரவாக எழுதியவர்களுக்கு நன்றி. பாதிப் பேருக்குப் பதில் போட முடியவில்லை. இங்கே நெட் வந்து வந்து போகிறது.

"ஒரு போட்டோதானே" ஆட்களுக்கு: கமெண்ட் பெட்டியை மூடவில்லை, திறந்தேதான் இருக்கிறது. எழுதுங்கள். ஆனால் என் பெண்ணை யாராவது தூக்கவோ படம் எடுக்கவோ வந்தால் முதலில் அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் நான் மறுபடியும் கையை வைப்பேன். நாளைக்கே வைப்பேன்.

சித்தி, "பெற்றவளுக்கே பொறுப்பில்லை" என்று யாரோ எழுதியதற்கு நீங்கள் லைக் போட்டிருந்ததைப் பார்த்தேன். கை தவறிப் பட்டிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று குடும்ப க்ரூப்பில் போட்டேனே, அதை நீங்கள் பார்த்ததற்கு நீல டிக் இருக்கிறது. எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.