கிராங்க் புல்லி போல்ட்டின் பிடிவாதம்

எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பட்டையான டைமிங் பெல்ட்டை மாற்றுவதை விளக்குகிறவர்கள் எல்லாரும், கிராங்க் முனையிலுள்ள புல்லியின் (கப்பியின்) போல்ட்டைக் ‘கழற்றவும்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். குளச்சலின் உப்புக்காற்றைக் குடித்துத் துருவேறிய அந்தப் போல்ட்டோ, ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி நெம்பினாலும் தான் அசையாமல், எஞ்சினையே சேர்த்துச் சுழற்றுகிறது. கிராங்க் 2 முறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும் என்ற கணக்கு எளிது. ஆனால் அதற்காகப் பொருத்த வேண்டிய குறிகள் இருக்கும் இடுக்கில் கை நுழைந்தால் கண் நுழையாது. (இந்த எஞ்சினை வரைந்தவருக்குக் கையே கிடையாது போலும்.) பல எஞ்சின்களில் பெல்ட்டின் பற்கள் பிசகினால் பிஸ்டன் வால்வை முட்டிவிடும் என்பதால், பெல்ட்டை மாட்டியதும் கையாலேயே 2 சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கியதும் குறி மயிரிழை விலகுகிறது. நாகர்கோவில் கடைக்காரரோ, இவ்வளவும் பிரித்திருக்கும்போதே, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் மாற்றச் சொல்கிறார். அது நியாயமான யோசனை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.