வாய்மொழிக் குத்தகை

வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்குப் பாடெல்லாம் உண்டு, ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கிடையாது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பயிர்க்கடன் கேட்டால் பத்திரம் எங்கே என்கிறார்கள். வெள்ளத்தில் பயிர் அழுகினாலோ, விதையும் கூலியும் போட்டவர் பார்த்துக்கொண்டிருக்க, இழப்பீடு பெரும்பாலும் பத்திரத்தில் பெயருள்ளவருக்கே போய்ச் சேருகிறது. அடுத்த ஆண்டு இதே நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், மெல்ல மெல்லப் பலன் தரும் தொழுவுரத்தையும் வரப்போர மரக்கன்றையும் விட்டுவிட்டு, சில நாட்களிலேயே பச்சை காட்டும் யூரியாவை அள்ளி வீசுவதில் என்ன வியப்பு? மண்ணைக் கெடுத்துவிட்டார் என்று அவருக்கே உபதேசம் வேறு! விளைச்சலில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்கும் வாரம் என்றால், கூடுதலாகப் போட்ட உழைப்பின் பலனிலும் பாதி களத்துமேட்டிலேயே கைமாறிவிடுகிறது. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டால், உரிமை கொண்டாடிவிடுவாரோ என்று அஞ்சி நிலத்தைத் தரிசாகவே போட்டுவைக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.