வார்டு பெண்ணுக்கு, வட்டம் யாருக்கு?

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. திரு.வி.க. நகர் மண்டலத்தில் 74ஆவது வார்டில் ஜெயித்த ஆர். பிரியா 2022 மார்ச்சில் மேயர் ஆனபோது அவருக்கு வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்கு அப்புறம் மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். வடசென்னைக்காரியாக எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் நம்ம ஏரியாவில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது யார்? பூத் ஏஜென்ட்டாக யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது யார்? கவுன்சிலர் சீட்டுக்கு மேலிடத்துக்குப் பெயர் அனுப்புவது யார்? வார்டு அளவில் கட்சியை நடத்தும் வட்டச் செயலாளர். அவருக்கு மேலே பகுதிச் செயலாளர், அதற்கும் மேலே மாவட்டச் செயலாளர். இந்தப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. துணைச் செயலாளர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும் என்று ஒதுக்குகிற வழக்கம் சில கட்சிகளில் உண்டு. துணை என்றால் மேடையில் கடைசி நாற்காலி. தூத்துக்குடியில் தி.மு.க.வின் கீதா ஜீவன் மாதிரி மாவட்டச் செயலாளராக இருக்கும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதனால்தான் வார்டு பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்த மறுநாளே வேட்டை ஆரம்பிக்கிறது. யாரைத் தேடுகிறார்கள்? பத்து வருடமாகத் தெருவில் குழாயடிப் பிரச்சினைக்கு முன்னால் நின்ற அக்காவை அல்ல. அண்ணனோட வீட்டம்மாவை. ஜெயித்த பிறகு போன் போட்டால் எடுப்பது அண்ணன், கால்வாய் தூர் வாரும்போது பக்கத்தில் நிற்பது அண்ணன். அண்ணி கையெழுத்துப் போடுவார். எல்லா வார்டிலும் இப்படி இல்லை. தானே இறங்கி, அதிகாரியிடம் குரல் உயர்த்திப் பேசி வேலை வாங்கும் பெண் கவுன்சிலர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அடுத்த முறை சீட் கிடைக்குமா என்பது அந்த வட்டம், பகுதி ஆண்கள் கையில்தான் இருக்கிறது.

1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். அப்போது பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். இன்றைக்கு போஸ்டரில் பெயர் இருக்கிறது, அதன் மேலே கணவர் படமும் இருக்கிறது!

எனக்கு ஒரு ஆசை. வடசென்னைக்கென்று பெண்களின் கூட்டமைப்பு ஒன்று வேண்டும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சுய உதவிக் குழுக்கள், மீன் விற்கிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்கிறவர்களின் சங்கங்கள், எல்லாக் கட்சி மகளிரணிக்காரர்களும் அவரவர் அடையாளத்தை விடாமல் ஒரே குடையின் கீழ் வர வேண்டும். தையல் மெஷின் வாங்கித் தருவதற்கோ கோலப் போட்டிக்கோ அல்ல, அரசியலில் சம பங்கு கேட்பதற்கு மட்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. இதே ஊரின் தென் பக்கத்தில், அடையாறில், 1917 மே மாதம் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர், மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் ஓடியாடி வேலை செய்தவர்கள். ஊர் ஊராகக் கிளை வைத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு போய்ப் பார்த்து ஓட்டுரிமை கேட்டது. யாருக்கு ஓட்டு என்று ஆராய்ந்த சவுத்பரோ கமிட்டி முடியாது என்றது. 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணங்களிடம் தள்ளிவிட்டது. இவர்கள் விடவில்லை. 1921இல் சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி அதே சபையின் துணைத்தலைவர். பத்தே வருடம்! தனித்தனியாக மனு கொடுத்திருந்தால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

சரி, அந்த ஓட்டு யாருக்குக் கிடைத்தது? சொத்து வைத்திருந்தவர்களுக்கு, வரி கட்டியவர்களுக்கு. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது அதன் தலைவரான பி.பி. வாடியாவும் அன்னி பெசன்ட் தலைமையில் இருந்த அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்தான். பெரம்பூர் பக்கத்து பி அண்டு சி துணி மில் தொழிலாளிக்குச் சங்கம் வந்தது. அவர் வீட்டுப் பெண்ணுக்கு 1921 ஓட்டு வரவில்லை, புளியந்தோப்புக்கும் ராயபுரத்துக்கும் வரவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆன 1952 தேர்தல் வரை இங்கே பெரும்பாலான பெண்கள் காத்திருந்தார்கள். பெரிய சங்கம் என்றாலே எனக்கு வரும் சந்தேகம் இதுதான். உச்சியில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், கீழே கூட்டத்துக்குக் கைதட்ட நாம்.

இன்னொரு விஷயத்திலும் மாதர் சங்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1930இல் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டில் பெண் பிரதிநிதிகளான ராதாபாய் சுப்பராயனும் பேகம் ஷா நவாஸும் பெண்களுக்குத் தனி இடங்கள் வேண்டும் என்றார்கள். மாதர் சங்கமும் மற்ற அகில இந்தியப் பெண்கள் அமைப்புகளும் 1931இல் கூட்டாக மனு கொடுத்தன. எல்லோருக்கும் ஓட்டு கொடுங்கள், சலுகை வேண்டாம், சமமாகப் போட்டியிடுகிறோம் என்பது அதன் சாரம். கேட்க கம்பீரமாக இருக்கிறது. நடைமுறையில்? 1935 சட்டம் வந்தபோது சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ராதாபாய் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒதுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் 1957 முதல் 2024 வரை ஒரு பெண்கூட ஜெயித்ததில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் பெண்கள் 12. ஜெயலலிதா ஆர்.கே. நகரில் நின்று ஜெயித்ததைக் காட்டி இங்கே பெண்ணுக்குக் குறை இல்லை என்பவர்கள் உண்டு. அவர் கட்சியின் பொதுச் செயலாளர். சீட் கேட்டு யார் வீட்டு வாசலில் நின்றார்?

நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1996இல் மசோதா வந்தது. 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறி அப்படியே நின்றது. 2023இல் சட்டமாகவே ஆனது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று பூட்டுப் போட்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது, பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இரண்டும் நல்லவை, என் வீட்டிலேயே பயன்படுகின்றன. ஆனால் கொடுக்கும் இடத்தில் எப்போதும் அவர்கள், வாங்கும் வரிசையில் எப்போதும் நாம் என்றால் எத்தனை நாளைக்கு?

கட்சிக்காரப் பெண்கள் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள், சண்டைதான் வரும் என்பார்கள். வரட்டும். ஆண்கள் மட்டும் டீக்கடையில் கொஞ்சிக்கொண்டா இருக்கிறார்கள்? எனக்கு அதைவிடப் பெரிய பயம், பதிவு பண்ணி, லெட்டர்பேடு அடித்து, ஏதாவது ஒரு கட்சியின் தேர்தல் வேலைக்கு இந்த அமைப்பு போய்விடுமோ என்பதுதான். பொறுப்பில் இருப்பவர் தேர்தலில் நிற்பதானால் பொறுப்பை விட்டுவிட வேண்டும் என்று முதல் நாளே விதி போடலாம். கூட்டம் ராயபுரத்தில் ஒரு மாதம், எண்ணூரில் ஒரு மாதம் என்று சுற்றி வர வேண்டும். அதுவும் மீன் ஏலம் முடிந்த நேரத்தில். ஏசி ஹாலும் மதியச் சாப்பாட்டு டோக்கனும் வேண்டவே வேண்டாம்.

முதல் வேலையாக, வார்டு மக்கள் நேரில் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டங்களுக்குப் போகலாம். கவுன்சிலர் பெண் என்றால் அவர்தான் தலைமை தாங்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். கணவர் மைக்கைப் பிடித்தால் எழுந்து நின்று, "அண்ணே, நீங்க உட்காருங்க, அண்ணி பேசட்டும்" என்று சொல்ல நாலு பேர் வேண்டும். தனியாகச் சொன்னால் பகை. நாற்பது பேர் சொன்னால் அவரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அண்ணிக்கும் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். 2016இல் இருந்து 2022 வரை தேர்தல் நடக்காமல், மாமன்றமே இல்லாமல் சாக்கடை அடைப்புக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் கிடந்தோமே, கேட்பதற்கு ஆள் கிடைத்த பிறகும் நேராகக் கேட்கவில்லை என்றால் எப்படி?

அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்குள் எல்லாக் கட்சிகளிடமும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வடசென்னையில் உங்கள் வட்டச் செயலாளர்களில் எத்தனை பேர் பெண்கள்? அந்தப் பட்டியல் கையில் இருக்கும் தோழர்கள், உடன்பிறப்புகள், ரத்தத்தின் ரத்தங்கள் யாராவது எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள். கட்சிப் பெயரோடு எழுதுங்கள், துணைச் செயலாளரைக் கணக்கில் சேர்க்காமல்.