கொன்வோய்க் கணக்கு வன்னிக்குத் தெரியாதா?

சனிக்கிழமை கிளிநொச்சிக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஓட்டுநர் இல்லாத லொறிகளை எப்படித் தொடராக, கொன்வோய் மாதிரிச் சேர்த்து அனுப்புவது என்று எங்கள் வன்னிப் பிள்ளை ஒருத்தி பேசத் தொடங்க, "முதலில் ஏ9 இல் நிற்கிற மாட்டைப் பிடித்துக் கட்டு பிள்ளை" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது. அவள் மிச்சத்தை வாசிக்காமலே இறங்கிவிட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதியில் நாளைக்கே ஓடும் என்று அவள் சொல்லவில்லை. இருவழிப் பாதை, இரவில் மாடு, யானை. ஓடாதுதான், சரி. அதற்காகக் கணக்கும் பிழையா?

லொறிகள் நெருங்கி ஓடினால் முன்வண்டி காற்றைக் கிழிக்கும், பின்வண்டிக்கு டீசல் மிஞ்சும். 2016 இல் ஐரோப்பாவின் ஆறு லொறிக் கம்பனிகள் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் வரை இப்படி ஓட்டிக் காட்டின. 2021 இல் ஜப்பானில் மூன்று லொறிகள் மணிக்கு 80 கிலோமீற்றரில், சுமார் 9 மீற்றர் இடைவெளியில் ஓடின. பின்னால் வந்த இரண்டிலும் ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. ஆனால் 2019 இலேயே ஜெர்மன் லொறிக் கம்பனி டைம்லர் இதைக் கைவிட்டது. தொடர் அறுந்தால் மறுபடி எட்டிப் பிடிக்கவே எரிபொருள் போய்விடுகிறது, எதிர்பார்த்த மிச்சம் இல்லை என்றார்கள்.

அவள் பிடித்த இடம் அதுதான். மிச்சம் ரோட்டில் மட்டும் இல்லை, எந்த லொறி எப்போது புறப்பட்டு எதனுடன் சேர்கிறது என்பதில் இருக்கிறது. பரந்தனில் வெளிக்கிடும் லொறிக்காக மாங்குளத்தில் இன்னொன்று எவ்வளவு நேரம் நிற்கலாம்? பிரேக் பிடித்து நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கிற வண்டியை முன்னுக்கு விடவேண்டும், இல்லாவிட்டால் அது முன்வண்டியில் போய் இடிக்கும். முன்னுக்குப் போகிறவனுக்கு மிச்சம் குறைவு. முதலாளிமார் வேறு வேறென்றால் அதை யார் ஈடுகட்டுவது? வண்டி கூடக் கூட இந்தக் கணக்கு கம்பியூட்டரையே திணறடிக்கும்.

காத்திருப்பின் விலை எங்களுக்கா தெரியாது? சமாதான காலத்தில் அப்பாவின் லொறி ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நிற்கும். சாமானை இறக்கி, கிண்டிப் பார்த்து, திரும்ப ஏற்றுவார்கள். அடிமூட்டைக் கத்தரிக்காய் வெந்து, சாக்கு நனைந்து, தண்ணி தட்டில் ஒழுகும். ஒருமுறை தம்புள்ளையில் விற்ற காசு டீசலுக்கே காணவில்லை. அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொல்லவில்லை. 2009 இல் பாதை திறந்தபோதும் கொன்வோய் என்றுதான் விட்டார்கள். நிற்கச் சொன்னால் நின்றோம். எங்கள் நேரத்துக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் பிள்ளையொன்று காத்திருப்புக்குக் கணக்குப் போட்டால் எங்கள் ஆட்களே சிரிக்கிறார்கள்.

"ட்ரைவர்மாரின் வயிற்றில் அடிக்கிற வேலை" என்று கீழே எழுத வருவீர்கள். நானும் ட்ரைவரின் பிள்ளைதான். நித்திரை முழித்து ஓடி அப்பாவின் உடம்பு என்ன ஆனதென்று எனக்குத் தெரியும், அந்தப் பாடத்தை எனக்கு எடுக்காதீர்கள். "வெளிநாட்டுக்காரனின் பிரச்சினை எங்களுக்கு ஏன்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வன்னிப் பிள்ளை மாட்டையும் குளத்தையும் பற்றி மட்டும்தான் யோசிக்க வேண்டுமா? கொழும்பிலிருந்து ஒருவர் கோட் போட்டு வந்து இதையே சொல்லியிருந்தால் கை தட்டியிருப்பீர்கள்.

தங்கச்சி, இதைப் பார்த்தால் உள்பெட்டிக்கு வா. எங்கள் லொறிகள் வெளிக்கிட்ட நேரம், ஏற்றிய நிறை, அடித்த டீசல் எல்லாம் எழுதிய கொப்பிகள் இருக்கின்றன. உன் கணக்குக்கு உதவும். எடுத்துக்கொண்டு போ.