யாஹூ மெசஞ்சரைக் கொன்றது செல்போனா?

கம்ப்யூட்டரில் நாம் அரட்டை அடித்த யாஹூ மெசஞ்சர் பற்றிப் பேச்சு வந்தாலே "ஸ்மார்ட்போன் வந்தது, அது செத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2009-ல் வாட்ஸப் தொடங்கியபோது மெசஞ்சரிடம் கோடிக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். போனுக்கு மாறுவதுதான் பிரச்சினை என்றால், அத்தனை பேரையும் அப்படியே அழைத்துக்கொண்டு போயிருக்கலாமே!

அதை வீழ்த்தியது போன் இல்லை, போன் நம்பர் என்பதுதான் என் கட்சி.

1998-ல் 'யாஹூ பேஜர்' என்று வந்து, அடுத்த வருடமே மெசஞ்சர் ஆனது. அதில் ஒருவரைச் சேர்க்க அவருடைய ஐடி தெரிய வேண்டும். அந்த ஐடி பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லக் கூசும்படி இருக்கும் (என்னுடையதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை). நாம் கேட்டு, அவர் சரி என்றால்தான் அவருடைய மஞ்சள் ஸ்மைலி முகம் நம் பட்டியலில் வந்து உட்காரும். வந்த பிறகும், ஆன்லைனில் இருந்துகொண்டே இல்லாததுபோல் காட்டும் 'இன்விசிபிளில்' ஒளிந்துகொள்வார். அரட்டை ஜன்னலே ஆடும்படி 'Buzz' என்ற பட்டனைத் தட்டி எழுப்ப வேண்டும். நண்பர் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசஞ்சர் ஆள் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் 2006-ல்தான் வழி திறந்தார்கள்.

வாட்ஸப்பில் இந்தக் கூத்தே இல்லை. போனில் நம்பர் இருந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார், அவ்வளவுதான். இதைச் செய்த ஜான் கோம், பிரையன் ஆக்டன் இருவருமே யாஹூவில் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு 2007-ல் வெளியேறியவர்கள். 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தது.

யாஹூவும் சும்மா இருக்கவில்லை, தன் பங்குக்குத் தானே குழி வெட்டியது. 2012-ல், முன்பின் தெரியாதவர்களும் கூடிப் பேசிய சாட் ரூம்களை மூடியது. 2016 ஆகஸ்டில் கம்ப்யூட்டரில் ஓடிய பழைய மெசஞ்சரை நிறுத்தியபோது கலங்கியவர்கள் யார் தெரியுமா? கச்சா எண்ணெய் வியாபாரிகள்! அதுவரை அவர்கள் விலை பேசிக்கொண்டிருந்தது அதில்தான். கடைசியில் 2018 ஜூலை 17 அன்று முழுவதுமாக மூடிவிட்டு, 'ஸ்குவிரல்' என்று ஒரு செயலியைக் காட்டினார்கள். அணில் வந்தது சரி, கட்டுவதற்குப் பாலம் எங்கே? 2019-ல் அதுவும் போயிற்று.

எனக்கு வருத்தம் மென்பொருள் போனதில் இல்லை. மெசஞ்சரில் தினமும் பேசிய சிலருடைய போன் நம்பரை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஐடி போதும் என்று இருந்தோம். நம்பர் இருந்தவர்கள் எல்லோரும் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்கள் வரவில்லை.

போன மாதம் பழைய கம்ப்யூட்டரைக் கிளறியபோது, அப்படி ஒருவரோடு தங்கிலீஷில் அடித்த அரட்டை கிடைத்தது. உலக விஷயம் ஏதாவது பேசியிருப்போம் என்று ஆசையாகத் திறந்தேன். பாதிக்கு மேல் "அப்புறம்?", "நீதான் சொல்லணும்" என்றுதான் இருக்கிறது.