ஒரே ஒரு எழுத்து மிச்சமிருக்கும் திருடன்

நேற்று ராத்திரி யூடியூபில் ஒன்றரை மணி நேரக் காணொளி ஒன்று பார்த்தேன். 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளுக்கு எதை எங்கிருந்து எடுத்தார் என்று துப்பறிகிற வகை. குள்ளர்களின் பெயர்கள் பழைய நார்ஸ் கவிதையிலிருந்து, டிராகன் பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கில வீரகாவியத்திலிருந்து, அது அங்கிருந்து, இது இங்கிருந்து. பொய் சொல்ல மாட்டேன், ரசித்துத்தான் பார்த்தேன். முடிந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. ஏனென்றால் இந்த வேலையைப் பார்த்து முதலில் எரிச்சல்பட்டவரே அந்த மனுஷன்தான்.

1936 நவம்பர் 25, பிரிட்டிஷ் அகாடமியில் பியோவுல்ஃப் பற்றி ஒரு சொற்பொழிவு. 'ஹாபிட்' வெளிவர இன்னும் பத்து மாதம் இருக்கிறது, ஆகவே அன்று பேசியவர் உலகம் அறிந்த எழுத்தாளர் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்துகிற ஒரு வாத்தியார். நடுவில் ஒரு குட்டிக்கதை சொன்னார். ஒருவனுக்குப் பரம்பரைச் சொத்தாக ஒரு வயல் வருகிறது, அதில் பழைய மாளிகையின் கற்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கல்லை எடுத்து ஒரு கோபுரம் கட்டுகிறான். நண்பர்கள் வருகிறார்கள், படியேறிப் பார்க்கிற சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ளாமல், அட, இது பழைய கட்டடத்துக் கல்லாயிற்றே என்று கோபுரத்தைத் தள்ளிவிட்டுக் கல்வெட்டு தேடுகிறார்கள். சிலர் மண்ணுக்குக் கீழே நிலக்கரி இருக்குமோ என்று தோண்ட ஆரம்பித்துக் கல்லையும் மறந்துவிடுகிறார்கள். இடித்துப் போட்டுவிட்டு, என்ன இது, ஒரே குளறுபடியாகக் கிடக்கிறதே என்று குறை வேறு. ஆனால் அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அவனால் கடலைப் பார்க்க முடிந்தது. கதை அவ்வளவுதான்.

எம்.ஏ. படித்தபோது இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பியோவுல்ஃபில் ஒரு வரிகூட வகுப்பில் வாசிக்கவில்லை. ஹ்ரோத்கார் எந்த நாட்டு மன்னன், இரண்டு மதிப்பெண். கையெழுத்துப் பிரதி எந்த நூற்றாண்டு, இரண்டு மதிப்பெண். கவிதையின் முதல் அரக்கன் கிரெண்டல் வருவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது.

அந்தக் காலத்துப் பெரிய அறிஞர்களுக்கு அந்தக் கவிதையில் என்ன குறை தெரியுமா? அதில் அரக்கர்கள் இருந்ததுதான். வரலாறு, குலப்பகை, அரச வம்சம் எல்லாம் ஓரத்தில் கிடக்க, நட்டநடுவில் ஒரு பேய், அதன் தாய், ஒரு டிராகன். இவ்வளவு கம்பீரமான நடையை இப்படிச் சின்னப்பிள்ளைக் கதையில் வீணடித்துவிட்டானே என்று வருத்தப்பட்டார்கள். டோல்கீன் அதை அப்படியே திருப்பிப் போட்டார். அரக்கர்கள் தெரியாமல் உள்ளே வந்துவிடவில்லை, கவிதையே அவர்கள்மேல்தான் நிற்கிறது என்றார். மனிதன் மனிதனோடு மோதினால் அது அரசியல், ஜெயிக்கவும் தோற்கவும் கணக்கு உண்டு. டிராகனோடு மோதுகிற கிழட்டு மன்னன் பியோவுல்ஃப் தோற்கத்தான் போகிறான், அது அவனுக்கும் தெரியும். முதல் 2199 வரிகள் அவன் இளமை, மீதி 3182 வரை முதுமையும் சாவும். இப்படி ஒருவர் சொன்ன பிறகுதான் அதைக் கவிதையாகப் படிக்கலாம் என்று பலருக்குத் துணிச்சல் வந்தது.

சரி, அப்படியானால் கல் தேடுவது தப்பா? இங்கேதான் எனக்கு அவரோடு கொஞ்சம் சண்டை. 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் தேவதைக் கதைகளைப் பற்றிப் பேசும்போதும் இதையே இன்னொரு விதமாகச் சொன்னார்: சூப்பைக் குடி, எந்த மாட்டின் எலும்பு என்று கேட்காதே. (உவமை அவருடையது இல்லை, நார்வே நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்த டேசன்ட் என்பவரிடமிருந்து எடுத்துத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.) ஆனால் சொல்கிறவர் யார்? முதல் உலகப்போர் முடிந்து வந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் உட்கார்ந்து 'வால்ரஸ்' என்ற சொல்லின் பூர்வீகத்தோடு மல்லுக்கட்டியவர். பியோவுல்ஃபில் கடலைக் குறிக்கும் 'ஹ்ரோன்ராட்' என்ற சொல்லை எல்லாரும் 'திமிங்கலச் சாலை' என்று பெயர்த்தால், அதெல்லாம் இல்லை, ஹ்ரோன் அவ்வளவு பெரிய திமிங்கலமே இல்லை, அப்படிச் சொன்னால் தண்டவாளத்தில் ஓடும் நீராவி எஞ்சின்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்று கிண்டலடித்தவர். எலும்பை முழுக்க நக்கிப் பார்த்தவர்தான் எலும்பைக் கேட்காதே என்கிறார்.

ஒரு இடத்தைக் காட்டுகிறேன். பியோவுல்ஃபுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான், ஏறக்குறைய ஆயிரமாவது ஆண்டைச் சேர்ந்தது. 1731-இல் அது இருந்த வீடு தீப்பிடித்து ஓரமெல்லாம் கருகி, பிறகு உதிர உதிர எழுத்துகள் போயின. குகையில் புதையலைக் காத்துக் கிடந்த டிராகனை, ஒரு கோப்பையை எடுத்து, எவன் எழுப்பினான் என்று சொல்கிற பக்கம் இருக்கிறதே, அது மிக மோசமாகச் சிதைந்த பக்கங்களில் ஒன்று. 2223-ஆம் வரியில் அவன் யார் என்பதற்கான சொல்லில் முதல் எழுத்துதான் தெளிவாக நிற்கிறது. அந்த எழுத்தின் பெயர் தோர்ன், அதாவது முள். அதில் தொடங்கும் சொற்களில் மூன்று அங்கே பொருந்தும்: தேயோவ் என்றால் அடிமை, தேய்ன் என்றால் பணியாளன், தேயோஃப் என்றால் திருடன். அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அடிமை என்றுதான் படுகிறது. ஏனென்றால் அடுத்து வரும் பகுதியில் அவன் அடிக்குப் பயந்து ஓடுகிறான், ஒண்ட இடமில்லாமல் அந்தக் குகைக்குள் நுழைகிறான், கோப்பையைக் கொண்டுபோய் எஜமானிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். ஆசைப்பட்டு எடுத்ததே இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? டோல்கீன் நக்கலடித்த அதே கல் தேடுகிற கூட்டம்தான். அந்த ஒரு எழுத்தைக் குனிந்து பார்க்காமல் எனக்கு இந்தக் கடல் தெரிந்திருக்காது.

என் கோபம் தேடுகிறவர்கள்மேல் இல்லை, 'எடுத்தார்' என்றதோடு எழுந்து போகிறவர்கள்மேல்தான். 'ஹாபிட்' நாயகன் பில்போ, ஸ்மாக் என்ற டிராகனின் குகையிலிருந்து கோப்பை எடுத்தது பியோவுல்ஃபிலிருந்து வந்தது, சரி, ஒத்துக்கொள்கிறேன். அவரிடமே கேட்டபோது, 1938-இல் 'அப்சர்வர்' பத்திரிகையில் வந்த கடிதத்தில், பியோவுல்ஃப் தனக்கு மிக முக்கியமான மூலங்களில் ஒன்று, ஆனால் எழுதும்போது அது மனதில் இல்லை, திருட்டு கதையின் போக்கிலேயே தானாக வந்துவிட்டது என்றார். நான் நம்புகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பழைய கவிதையில் பெயர்கூட இல்லாத ஒருவனை எடுத்து, பெயர் வைத்து, வீடு கொடுத்து, காலைச் சாப்பாடு கொடுத்து, முழுக் கதையையும் அவன் தோளில் ஏற்றினார்.

பழைய கவிதையில் அவன் கதி வேறு. மன்னனும் பதினொரு பேரும் டிராகனைத் தேடிப் புறப்படும்போது பதின்மூன்றாவது ஆளாக அவனையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள், வழி அவனுக்கு மட்டும்தானே தெரியும். மனசே இல்லாமல் போகிறான். குகை வாசலைக் காட்டுகிறான். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று கவிதை சொல்லவே இல்லை.